கெளுத்தி முக்கில் பத்துக்கு எட்டு இடம்

இப்படி நிழல் பக்கமாகத் தள்ளி உட்காருங்கள் அம்மா. அந்தப் பெஞ்சில் இன்னும் அரைமணியில் வெயில் ஏறிவிடும். இந்தக் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் எந்தத் தூணின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்பது எனக்கு மனப்பாடம். எட்டுத் திங்கட்கிழமை வந்தாயிற்று. இது ஒன்பதாவது. எட்டு மனுவுக்கும் ஒரே பதில்தான். 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக நகராட்சி ஆணையருக்கு அனுப்பப்பட்டுள்ளது.' யார் மேல் புகார் சொல்கிறேனோ அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தபால்காரர் செய்கிற வேலை. அதற்கு ஒரு கலெக்டர், ஒரு கட்டடம், வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்.

உங்கள் டோக்கன் எத்தனை? நூற்று இருபத்தொன்றா? என்னுடையது நூற்றுப் பதினேழு. இப்போது எழுபதுதான் போகிறது. நேரம் இருக்கிறது.

வாசலில் உங்கள் தண்ணீர் பாட்டிலையும் திறந்து மோந்து பார்த்தார்களா? எல்லோருக்கும் அப்படித்தான். யாரோ எப்போதோ மண்ணெண்ணெய் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொண்டார்களாம். அன்றிலிருந்து மனு கொடுக்க வருகிறவன் எல்லாம் கொளுத்திக்கொள்ள வருகிறவன். மோந்து பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், குடித்துக் காட்ட வேண்டும். "குடிச்சுக் காட்டுங்க தாத்தா" என்றது அந்தப் போலீஸ்காரப் பெண். முப்பத்தோரு வருஷம் சர்பத் கடை வைத்து ஊருக்கே குடிக்கக் கொடுத்தவனைப் பார்த்து, குடித்துக் காட்டு என்கிறது. காட்டினேன். வேறென்ன செய்வது?

என் பெயர் கொம்பையா. ஊர் செவல்பேட்டை. மணிக்கூண்டு முக்கில் கொம்பையா சர்பத் கடை என்றால் பஸ் டிரைவர்கூட வண்டியை மெதுவாக விடுவார். நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், கோடையில் நுங்கு சர்பத். அந்த முக்கில் மணிக்கூண்டு கிடையாது. எங்கள் அப்பா காலத்திலேயே இடிந்து விழுந்துவிட்டது. ஆனாலும் பெயர் நின்றது. இப்போது அந்தப் பெயரும் போய்விட்டது. இப்போது கெளுத்தி முக்கு. பஸ் கண்டக்டரே 'கெளுத்தி முக்கெல்லாம் இறங்கு' என்கிறான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் பேரூராட்சியாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நகராட்சி ஆக்கினார்கள். போர்டு மாறியது, வரி மாறியது. ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் மட்டும் மாறவில்லை. நகராட்சி ஆனதும் மேலேயிருந்து ஒரு நிதி வந்தது. 'நகர் மைய மேம்பாடு' என்று அதற்குப் பெயர். நகருக்கு மையம் எது? எங்கள் முக்கு. ரோட்டில் பள்ளம், சாக்கடைக்கு மூடி இல்லை, பக்கத்துத் தினசரிச் சந்தையில் கூரை ஒழுகுகிறது. இவ்வளவையும் நேரில் வந்து பார்த்தார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். என்ன முடிவு தெரியுமா அம்மா? நீரூற்று. டால்பின் வைத்த நீரூற்று.

இந்த யோசனை யாருடையது என்றால், எங்கள் பதினோராம் வார்டு கவுன்சிலர் தவசுமணியுடையது. கல்யாண வீட்டுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். ஊரெல்லாம் அவன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போய் ஓட்டும் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன், மறைக்கவில்லை. என் கடையில் வந்து நின்று, என் சர்பத்தைக் குடித்துக்கொண்டேதான் சொன்னான்.

"அண்ணாச்சி, ரெண்டு டால்பினு. ஒண்ணு கெழக்க பாத்து, ஒண்ணு மேக்க பாத்து. வாயிலேர்ந்து தண்ணி பீச்சும். சுத்திக் கலர் லைட்டு."

"ஏம்ப்பா, அம்புட்டுத் தண்ணி எங்கேர்ந்து வரும்?"

"அது ரெண்டாங் கட்டம் அண்ணாச்சி. மொதல்ல டால்பினு."

"டால்பின நீ பாத்திருக்கியாலே?"

"டிவில பாத்திருக்கேன்."

செய்ய வந்தவன் டிவியிலும் பார்த்ததில்லை போலிருக்கிறது. சிமெண்டில் செய்தான். மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை. உள்ளே வைத்துக் கட்டிய கம்பி இரண்டு வாய்ப் பக்கமாக மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சந்தையில் மீன் விற்கிற சவேரியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். "என்ன எழவு டால்பினு? இது கெளுத்தில்லா!" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் கெளுத்தி.

திறப்பு விழாவுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். சேர்மன் பட்டனை அழுத்தினார். கிழக்கே பார்த்த கெளுத்தி சும்மா இருந்தது. மேற்கே பார்த்த கெளுத்தி இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை துருத் தண்ணீரைச் சேர்மன் சட்டையில் துப்பியது. வெள்ளைச் சட்டை, காவிச் சட்டை ஆனது. கைதட்டச் சொன்னான் தவசுமணி. தட்டினார்கள். அன்றோடு சரி. இப்போது அந்தத் தொட்டியில் டீ கப்பும் வாழைப்பழத் தோலும் கிடக்கிறது. ஒரு ஆடு குட்டி போட்டது அதற்குள்ளே. பார்த்தவன் சொல்கிறேன்.

அதே நிதியில் இன்னொரு காரியமும் செய்தார்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு கருவேலங்காடு கிடந்தது. அதை வெட்டி, சுற்றிக் கம்பி வேலி போட்டு, வட்டமாகக் கல் பதித்து, 'நடைபயிற்சிப் பாதை' என்று போர்டு மாட்டினார்கள். காலையில் பேங்க் மேனேஜரும் நாலு ரிட்டயர்டு ஆட்களும் கையை ஆட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். ஏழரைக்குப் பூட்டு. கேட்டில் பூட்டுப் போட்ட முதல் நாள் சந்தைப் பெண்கள் காவலாளியோடு அப்படி ஒரு சண்டை. எதற்குச் சண்டை என்றே எனக்குப் புரியவில்லை. இவர்கள் என்ன நடைபயிற்சியா போகப்போகிறார்கள்? வேலையற்ற சண்டை. என் வீட்டுக்காரியும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். கூப்பிட்டு வைதேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நீரூற்று வைக்க இடம் வேண்டும் என்று என் கடையை எடுத்தார்கள். நான் சண்டை போடவில்லை. ஏனென்றால் எழுத்தில் கொடுத்தார்கள். தீர்மானம் எண் எண்பத்து நான்கு. 'மணிக்கூண்டு முக்கில் நீரூற்றுக்குப் பின்புறம், சந்தை வாசலை ஒட்டி, பத்தடிக்கு எட்டடி இடம் திரு. கொம்பையா அவர்களுக்கு மாற்றிடமாக ஒதுக்கப்படுகிறது.' திரு என்று போட்டிருக்கிறது அம்மா. என்னை யாரும் திரு என்று எழுதினது அதுதான் முதல் தடவை. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். 'சிமெண்டு காயட்டும் அண்ணாச்சி, ஒரு மாசத்துல கடையப் போடும்' என்றான் தவசுமணி. பதினோரு மாசம் ஆயிற்று. சிமெண்டு காய்ந்து வெடித்தும் போயிற்று.

பதினோரு மாசமாக வீட்டில் இருக்கிறேன். எசன்ஸ் பாட்டில்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. என் வீட்டுக்காரி சம்பாத்தியத்தில்தான் உலை கொதிக்கிறது. அவள் சந்தையில் வாழை இலை விற்கிறாள். பெயர் சண்முகவடிவு. முப்பது வருஷமாக அதே இடம், என் பழைய கடைக்கு நேர் எதிரே. விடியற்காலை நாலரைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. நல்ல உழைப்பாளி, குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு குணம் உண்டு. சந்தையில் இருக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

ஆமாம், தண்ணீரே குடிக்க மாட்டாள். அவ்வளவு அழுத்தம். நானே ரோட்டைத் தாண்டிப் போய், உச்சி வெயிலில், ஐஸ் போட்ட சர்பத்தை நீட்டியிருக்கிறேன். வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள். நாலு பேர் பார்க்க. சர்பத்துக்காரன் பெண்டாட்டியே அவன் சர்பத்தைக் குடிக்க மாட்டேன் என்றால் வாடிக்கைக்காரன் என்ன நினைப்பான்? என்ன கலக்கிறானோ என்று நினைக்க மாட்டானா? முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தம்ளர் குடித்ததில்லை. நான் அதை மறக்கவில்லை அம்மா. சொல்லிக் காட்டமாட்டேன், ஆனால் மறக்கவும் மாட்டேன்.

போன வருஷம் இரண்டு தடவை நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீரே குடிக்காமல் இருந்தால் இப்படித்தான் என்றார் டாக்டர். "சர்பத்துக்காரர் வீட்ல தண்ணிப் பஞ்சமாக்கும்?" என்று அங்கே ஒரு நர்ஸம்மா சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "குடிச்சா என்னடி? வாயில முள்ளா குத்துது?"

"நீங்க குடிப்பீங்க. நீங்க ஆம்பள."

இதற்கு என்ன அர்த்தம் சொல்லுங்கள். ஆம்பளைக்கு மட்டும்தான் தாகம் எடுக்குமா? பேசத் தெரியாதவள்.

என்ன அம்மா, எழுந்திருக்கிறீர்கள்? ஓ, அதுவா. இந்த ஆபீஸில் ஒன்று இருக்கிறது, கருவூலத்துக்குப் பின்னால். ஆனால் பூட்டியிருக்கும். சாவி டவாலிப் பியூனிடம். டவாலி டீ குடிக்கப் போயிருப்பான். ஆண்களுக்கு என்றால் பரவாயில்லை, அந்தச் சுவர் ஓரம் இருக்கிறது, நாங்கள் எல்லாம் அங்கேதான். நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பொறுமை பழக்கம்தானே. எண்பதைத் தாண்டிவிட்டது, சீக்கிரம் வந்துவிடும். உட்காருங்கள்.

இந்தப் பேச்சு வந்ததே, இதுதான் என் வழக்கும். பதினேழு வருஷத்துக்கு முன்னால், பேரூராட்சிக் காலத்தில், இதே மாதிரி ஒரு கிறுக்கு யோசனை வந்தது. சந்தைப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுகிறோம் என்றார்கள். எங்கே? என் கடையை ஒட்டி. அதே பத்துக்கு எட்டு இடத்தில். சர்பத் குடிக்கிறவன் மூக்குக்கு நேரே கக்கூஸ் இருந்தால் எவன் வருவான்? நான் விட்டேனா? ஒரு மனு எழுத வைத்தேன். 'பொதுமக்கள் கூடும் இடத்தின் சுகாதாரம் கருதி' என்று ஆரம்பிக்கும். நல்ல மனு. அதைக் கடை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு கையெழுத்துக்கு ஒரு தம்ளர் நன்னாரி என்றேன். இரண்டு நாளில் நூற்று நாற்பது கையெழுத்து. ஒருவன் மூன்று தடவை போட்டு மூன்று தம்ளர் குடித்தான், அதையும் விட்டேன். பெண்கள்? இல்லை, அவர்கள் யாரும் போடவில்லை. அவர்களுக்கு எங்கே கையெழுத்துத் தெரியும்? அதிகாரி வந்து எண்ணிப் பார்த்தார். 'பொதுமக்கள் எதிர்ப்பு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கட்ட வந்திருந்த செங்கல்லை அடுத்த வாரம் வேறு ஊருக்கு ஏற்றினார்கள். ஏற்றின ஆட்களுக்கும் நான்தான் சர்பத் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், "எப்படி? ஒத்த ஆளா நின்னு தடுத்துட்டேன் பாத்தியா?" என்று. சண்முகவடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பாராட்டத் தெரியாது. அன்றிலிருந்தே அப்படித்தான், தேவைக்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. வயது ஆக ஆக அப்படி ஆகிவிடுகிறார்கள் போல.

அந்த இடம், நான் காப்பாற்றி வைத்த இடம், இப்போது எண்பத்து நான்காம் தீர்மானத்தில் எனக்கே வந்தது. அதை இரண்டு மாசத்துக்கு முன்னால் ரத்து செய்துவிட்டார்கள். ரத்து செய்துவிட்டு என்ன கொண்டுவருகிறார்கள்? அதே கக்கூஸ். 'மகளிர் சுகாதார வளாகம்' என்று இப்போது பெயர். கலெக்டர் ஒப்புதல் வந்தவுடன் வேலை ஆரம்பம். அந்த ஒப்புதல் வரக்கூடாது. அதற்குத்தான் அம்மா இந்த ஒன்பதாவது மனு.

ரத்து செய்த அன்று நகராட்சிக் கூட்டத்துக்கு நானே போனேன். பின்னால் ஓரத்தில் நிற்க விட்டார்கள். கூட்டம் என்றால் என்ன நினைக்கிறீர்கள்? ஒருவர் தீர்மானத்தின் எண்ணை மட்டும் வாசிப்பார், மற்றவர்கள் மிக்சர் தட்டிலிருந்து முந்திரியைத் தேடிப் பொறுக்குவார்கள். "ஏகமனதாக." அடுத்தது. "ஏகமனதாக." அடுத்தது. ஊர்த் தலையெழுத்தை அந்த வேகத்தில் எழுதுகிறார்கள். என் இடம் வந்ததும் நான் கத்தினேன்.

"எம்பத்து நாலாம் தீர்மானம் என்னலே ஆச்சு?"

தவசுமணி எழுந்தான். மைக்கை ஒதுக்கி வைத்தான், அவனுக்கு அது தேவையில்லை. "அண்ணாச்சி, இது பொம்பளைங்க விஷயம். ஒதுங்கிக்கிடும்."

"பொம்பளைங்க வந்து ஒங்கிட்டச் சொன்னாங்களோ?"

"சொன்னாங்க. எழுதியே குடுத்திருக்காங்க. அறுபத்து மூணு பேரு."

"எந்தச் சிறுக்கி அவ?"

கூட்டம் பூராவும் சிரித்தது அம்மா. சேர்மன் சிரித்தார், மிக்சர் கொண்டுவந்தவன் சிரித்தான். தவசுமணி மட்டும் சிரிக்கவில்லை. "வார்த்தைய அளந்து பேசும் அண்ணாச்சி. பொறவு நீருதான் வருத்தப்படணும்" என்றான். என்னை மிரட்டுகிறான். மைக் செட்டுக்காரன் மிரட்டுகிறான்.

யார் என்று எனக்குத் தெரியாதா? சவேரியம்மாள்தான். கெளுத்தி என்று பெயர் வைத்தவள். அவளுக்கும் எனக்கும் பழைய பகை. மீன் கழுவின தண்ணீரை என் கடை வாசல் பக்கம் ஊற்றுவாள், நான் கேட்பேன், அவள் கேட்பாள். அவள்தான் தூண்டிவிட்டிருக்கிறாள். சந்தையில் செவ்வாய்க்கிழமை தோறும் மகளிர் குழு என்று கூடுகிறார்கள். ஒரு டீச்சர் வந்து ஏதோ சொல்லிக்கொடுக்கிறாராம். என் வீட்டுக்காரியும் இரண்டு வருஷமாகப் போகிறாள். போகட்டும் என்று விட்டேன். அங்கேதான் இந்தச் சதி நடந்திருக்க வேண்டும். இவளுக்கு அது புரிந்திருக்காது. பாவம், ஓரமாக உட்கார்ந்து தலையாட்டியிருப்பாள்.

இதோ பாருங்கள் என் மனு. வெள்ளிக்கிழமையே எங்கள் ஊரில் எழுதி வாங்கிவிட்டேன். நான் மூன்றாம் வகுப்பு. அச்செழுத்து என்றால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், கையால் எழுதினது வராது. ஆனால் இதில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகச் சொல்வேன். இந்த இடத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறது பாருங்கள். 'மேற்படி கோரிக்கை மனுவானது, இன்னார் என்பவரின் தூண்டுதலின் பேரில், உண்மையான பொதுமக்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொடுக்கப்பட்டதாகும்.' அந்த இன்னார்தான் காலி. சவேரியம்மாள் என்று போடும் என்றேன். எழுதுகிறவர் மறுத்துவிட்டார். "ஆதாரம் இல்லாம பேர் போட்டா உம்ம மேல கேஸாயிரும். மனுல மொதல் கையெழுத்து யாருதோ அவங்க பேரப் போடலாம். அதக் கண்டுபிடிச்சிட்டு வாரும்" என்றார்.

கண்டுபிடித்துவிட்டேன். அந்த அறுபத்து மூன்று பேர் கொடுத்த மனுவின் நகல், இந்தப் பைக்குள் இருக்கிறது. நகராட்சி ஆபீஸ் பியூன் ஒருவன் இன்று காலையில்தான், பஸ் ஏறும்போது, ஓடிவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு ஒரு இளிப்பு. "படிச்சுப் பாரும் அண்ணாச்சி. மொத பேரே மங்களகரமான பேரு." இவனுக்கு என்ன இளிப்பு? எல்லாம் தவசுமணி ஆட்கள்.

உங்கள் கைப்பையில் பேனா பார்த்தேன். டீச்சரா நீங்கள்? அப்படித்தான் தோன்றியது. ஒரு உதவி செய்யுங்கள். இந்த நகலில் முதல் பெயரை மட்டும் வாசித்து, என் மனுவில் கோடு போட்ட இடத்தில் எழுதிவிடுங்கள். சவேரியம்மாள் என்றுதான் இருக்கும். ச, வே... வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

என்ன?

மறுபடி வாசியுங்கள்.

சண்முகவடிவு. கணவர் பெயர் கொம்பையா. வாழை இலைக் கடை.

இல்லை அம்மா, கீழே பாருங்கள். அது வேறு யாராவது. எங்கள் சந்தையில் வாழை இலைக் கடை... ஒன்றுதான். ஆமாம், ஒன்றுதான்.

பொறுங்கள், பொறுங்கள். அதில் இருப்பது கைநாட்டா, கையெழுத்தா? கையெழுத்தா? நன்றாகப் பாருங்கள். எப்படி இருக்கிறது? கோணல் மாணலாகவா? இல்லையா? குண்டு குண்டாக, தெளிவாக இருக்கிறதா? அப்படியானால் போலி. நிச்சயம் போலி. என் பெண்டாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கார்டுக்குக் கைநாட்டு, பேங்குக்குக் கைநாட்டு, எல்லாவற்றுக்கும் நான்தான் விரலைப் பிடித்து உருட்டியிருக்கிறேன். அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். சவேரியம்மாள்தான் இவள் பெயரில் யாரையாவது விட்டுப் போட வைத்திருக்கிறாள். என் பெயரையே என் மேல் எறிகிறார்கள் பாருங்கள். தவசுமணி மூளை இது. கூட்டத்தில் அவ்வளவு பேரும் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது புரிகிறது.

நல்லதாகப் போயிற்று. போலிக் கையெழுத்து என்றால் மனுவே செல்லாது. எழுதுங்கள் அம்மா, கடைசியில் ஒரு வரி சேருங்கள். 'மேற்படி சண்முகவடிவு எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அவருடைய கணவராகிய நான் உறுதி கூறுகிறேன்.' எழுதுங்கள்.

ஏன் பேனாவை மூடிவிட்டீர்கள்?

அவளிடம் கேட்டுவிட்டு எழுதவா? அவளிடம் என்ன கேட்பது? வீட்டில் இருக்கிறாள். இன்று சந்தைக்குக்கூடப் போகவில்லை. காலையில் நான் கிளம்பும்போது பார்த்தேன், தலைக்குக் குளித்துவிட்டு மாம்பழக் கலர் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு எலை எடுக்கலியா?" என்றேன். "எடுக்கல" என்றாள். "எங்க கெளம்புதீக?" என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எட்டுத் திங்கட்கிழமையும் நான் சொன்னதில்லை. ஆம்பளை வெளியே போகிற காரியத்தை எல்லாம்...

வாசலில் என்ன சத்தம்? கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பெண்கள் கூட்டமா? எங்கள் ஊர் பஸ்ஸில் வந்தவர்கள் மாதிரி தெரிகிறதே. அந்த முன்னால் நிற்கிற கறுத்த உருவம், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறது, அது சவேரியம்மாள்தான். குரலே சொல்கிறது. நான் சொன்னேன் அல்லவா? பார்த்தீர்களா, அவள்தான் தலைவி. எழுதுங்கள் அவள் பெயரை.

பக்கத்தில் யாரது, மாம்பழக் கலர்?

ஒரு தாளைக் கையில் வைத்திருக்கிறாள். நேராக வைத்திருக்கிறாள், வாசிக்கிறவள் பிடிக்கிற மாதிரி. போலீஸ்காரப் பெண்ணிடம் அதைக் காட்டி, விரல் வைத்து ஏதோ சொல்கிறாள். சவேரியம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் பேசுவதைக் கேட்கிறாள். எல்லோரும் அவள் பேசுவதைக் கேட்கிறார்கள்.

பையை வாங்கிப் பார்க்கிறது போலீஸ். ஒரு பாட்டிலை எடுக்கிறது. பாட்டிலா? இவள் எதற்கு பாட்டில் கொண்டுவந்தாள்? மற்றவர்களுக்காக இருக்கும். திறந்து மோந்து பார்க்கிறது. நீட்டுகிறது. குடித்துக் காட்டச் சொல்கிறது. நல்லது. குடிக்க மாட்டாள் அம்மா, பாருங்கள். பொழுது சாயாமல் வெளியில் ஒரு சொட்டு குடிக்க மாட்டாள். யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். நான் சொல்லியே முப்பத்தோரு வருஷம் கேட்காதவள். உள்ளே விட மாட்டார்கள். திரும்பிப் போகட்டும். பாருங்கள், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

என்னைப் பார்த்துவிட்டாள்.

குடிக்கிறாள்.

சரி, ஒரு மடக்கு. ஒரு மடக்கு போதும், நானும் ஒன்றுதான் குடித்தேன். போலீஸ்காரப் பெண் போதும் என்று கையைக் காட்டுகிறதே, தெரியவில்லையா இவளுக்கு? தலையை நன்றாக அண்ணாந்துவிட்டாள். கண் மட்டும் இந்தப் பக்கம் இருக்கிறது. பாதி போய்விட்டது. ஏய், போதும்டி. சவேரியம்மாள்கூட அவள் கையைப் பிடிக்கிறாள், விட மாட்டேன் என்கிறாள். கழுத்தெல்லாம் வழிகிறது. பெரிய பாட்டில் அம்மா அது, வீட்டில் நான் எசன்ஸ் ஊற்றி வைத்திருந்த பாட்டில். கவிழ்த்துக் காட்டுகிறாள். ஒரு சொட்டு இல்லை.

கிறுக்கச்சி. சுத்தக் கிறுக்கச்சி. இங்கே இருப்பது ஒன்று, அதுவும் பூட்டிக் கிடக்கிறது. டவாலி இன்னும் வரவில்லை. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மனு கொடுக்க மத்தியானம் ஆகும். பிறகு ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம் பஸ். வழியில் நிறுத்துகிற இடமும் கிடையாது. முக்கில் இறங்கினால் கெளுத்தி நிற்கிறது, பின்னால் கருவேலங்காட்டில் வேலி, பூட்டு.

என்ன? நூற்றுப் பதினேழா? கூப்பிடுகிறார்களா? இருக்கட்டும், ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்கள்.

அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டு நிற்கிறாளே அம்மா. இவள் இனி எங்கே போவாள்?